முற்றத்தைத் திறந்தவளுக்கு

இன்று காலை கடைக்குள் நுழையும்போதே நீர்த்த சுண்ணாம்பின் வாசனை முகத்தில் மோதியது. பின்சுவருக்கு மறுபூச்சு அடிக்க வேலையாட்கள் பீப்பாயைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள். புடவை எடுக்க வந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா, பெயின்ட் அடிக்கலாமே? எத்தனையோ கலர் வந்திருக்கே" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். வந்தது உன் பேச்சுதான்.

"சுவரும் மூச்சு விடணும்மா. பெயின்ட அப்பி மூடிட்டா ஈரம் எங்க போகும்?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் புடவைக் கரையைத் தடவிப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அதற்குப் பிறகு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. அண்ணனைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சோற்றுத் தட்டு. நீ கம்பளையிலிருந்து ரயிலில் கண்டிக்குப் பள்ளிக்கு வருவாய். பின்னேர வகுப்பு இருக்கும் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய். கீழே கடை, மேலே வீடு. எங்கள் தெருவில் அப்போது எல்லாருக்கும் அப்படித்தான். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன். நீ மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி நடையின் கம்பியோரம் போய் நின்று, கீழே கடை நடுவில் வானம் பார்த்துக் கிடந்த முற்றத்தைப் பார்த்தபடியே சாப்பிடுவாய். ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாய்.

"மாமா, இந்த வெளிச்சம் எங்கருந்து வருது?"

"சூரியன்லருந்துதாம்மா."

"அது தெரியும் மாமா. ரெண்டு பக்கமும் கடை ஒட்டிக்கிட்டு நிக்குது. இவ்வளவு நீளக் கட்டடத்துல நடுவுல லைட்டே போடாம எப்பிடிக் கணக்குப் பாக்குறீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். பிறந்ததிலிருந்து அந்த வெளிச்சத்திலேயே இருந்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

நீ பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பா அந்த முற்றத்தை மூடினார். வியாபாரம் பெருகியிருந்தது, சரக்கு வைக்க இடமில்லை. மேலே கொங்கிரீட் தட்டுப் போட்டார், கீழே சிமெந்துத் தரை போட்டார். சுவர்களையும் புதிதாக்குவோம் என்று சிமெந்து பூசினார். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதற்குப் பிறகு பகலெல்லாம் விளக்கு எரிய வேண்டியிருந்தது. மின்விசிறி போதாமல் ஏசி வந்தது. சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளியது. மாடியில் பூஞ்சண வாடை அடித்தது. அண்ணன் கல்யாணம் முடித்து வந்தபோது அண்ணிக்கு அந்தக் காற்றில் மூச்சிழுப்பு வந்தது. நாங்கள் அம்பிட்டியவுக்குக் குடிபோனோம்.

எங்களைப் போலவே தெருவே குடிபோனது. மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாரும் வேனிலும் காரிலும் ஏறி மலைப்பக்கம் போவோம். காலையில் அதே பாதையில் ஒருவரை ஒருவர் நெருக்கித் தள்ளி, ஹோன் அடித்து, புகை குடித்து இறங்கி வருவோம். மாடி முழுக்க வெற்று அட்டைப்பெட்டி. வருடத்தில் பெரஹரா ஊர்வல நாட்களில் மட்டும் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்களே என்று யன்னல்களைத் துடைப்போம். மற்ற நாட்களில் தலைக்கு மேலே அப்படியொரு வீடு இருப்பதே எங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அப்பா போன பிறகு அண்ணன் இடிக்கத் தீர்மானித்தார். கொழும்பிலிருந்து ஒரு கட்டட நிறுவனத்தார் பெரிய படமொன்றோடு வந்தார்கள். பழைய முகப்பை இடிக்கச் சட்டம் விடாது, அதனால் அதை அப்படியே நிறுத்திவைத்து, பின்னால் கண்ணாடியும் லிஃப்டுமாக அடுக்கு அடுக்காக எழுப்புவதாகத் திட்டம். அண்ணனுக்கு ஒழுக்கோடும் எலியோடும் போராடி அலுத்துப்போயிருந்தது. எனக்கும் லிஃப்ட் பிடித்திருந்தது, முழங்கால் வலி அப்போதே தொடங்கியிருந்தது.

அந்த வாரம்தான் நீ உன் தம்பி மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாய். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு இருந்துவிட வந்திருந்தாய். நான் பெருமையாக அந்தப் படத்தை விரித்துக் காட்டினேன். நீ குனிந்து நெடுநேரம் பார்த்தாய்.

"நல்லா வரைஞ்சிருக்காங்கடி. முகத்த மட்டும் வச்சிக்கிட்டு ஆள மாத்தப் போறாங்க."

எடுத்து வைத்த புடவைகளை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறிப் போனாய். திரும்பி இறங்கியபோது தலையெல்லாம் ஒட்டடை. நேரே அண்ணன் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"அண்ணே, பழசுங்கிறதுக்காக இத வச்சிக்கங்கன்னு சொல்ல வரல."

"பின்ன எதுக்கும்மா?"

"இத இடிச்சா இந்தக் கல்லு, மரம், ஓடு எல்லாம் லொறி லொறியா ஏதாவது பள்ளத்துல போய்க் கொட்டும். அந்த லொறியிலயே புதுசா சிமெந்தும் கம்பியும் கண்ணாடியும் வரும். பெறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியக் குளிர வைக்கக் காலம் பூரா கரண்ட் இழுக்கணும். இங்க கட்டடம் ஏற்கனவே நிக்குது. சீக்குதான் புடிச்சிருக்கு. சீக்கத் தீர்த்தாப் போதாதா?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிருவ. ஒழுகுறது எங்க தலையில. உங்க அண்ணி இந்தப் படி ஏறினாலே மூச்சு முட்டுது. அவள உக்கார வச்சிட்டுப் பேசு இந்த நியாயத்த."

நீ ஏதாவது பதிலடி கொடுப்பாய் என்று நினைத்தேன். படித்தவள், பல ஊர் பார்த்தவள்.

"அண்ணிய நான் யோசிக்கல. நீங்க சொல்றது சரி" என்றாய். "ஈரத்த நிறுத்துறேன். அண்ணி வந்து தங்கிப் பாக்கட்டும். அப்பவும் இழுப்பு வந்தா இடிச்சிருங்க. நானே கூட நின்னு இடிக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் உன்னைப் பார்த்தேன். கொழும்புக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வதாக அண்ணன் ஒத்துக்கொண்டார். அன்று நீ புடவை எடுக்காமலே போய்விட்டாய்.

பழைய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு நாம் இருவரும் போனது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. அங்கிருந்த அதிகாரி வயதானவர், நல்ல மனிதர், அந்தத் தெருவை உண்மையாகவே நேசித்தவர். அதுதான் சிக்கலாகிவிட்டது. மாடியில் யாரும் குடியிருக்கக் கூடாது, பழைய பொருட்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் ஆக்குங்கள் என்றார். நீ எங்கள் யாரையும் விட நன்றாகச் சிங்களம் பேசுவாய். மரியாதையாக, அவசரப்படாமல் சொன்னாய்.

"ஐயா, ஆள் இல்லாத வீட்டுக்கு முதலில் எலி வரும். பிறகு ஒழுக்கு வரும். கடைசியில் இடிக்கிறவர் வருவார். ஒரு கட்டடம் நிலைக்க வேண்டுமென்றால் அதில் யாராவது சமைக்க வேண்டும்."

அவர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. உன் வரைபடத்தில் பின்கூரையைத் தட்டையாக்கிச் செடி வளர்க்க ஓர் இடம் போட்டிருந்தாய். அவர் அதில் விரலை வைத்தார். "மகளே, இந்த ஊரைச் சுற்றிலும் மலை. மேலே இருந்து பார்க்கிறவனுக்குக் கூரைதான் கண்டியின் முகம். அதை வெட்டாதே" என்றார். நீ எழுந்து அவர் அறை யன்னலருகே போய் நின்று, கீழே தெரிந்த ஓட்டுக்கூரைகளைப் பார்த்தாய். திரும்பி வந்து, பேனாவை எடுத்து அந்தத் தோட்டத்தை நீயே அடித்துவிட்டாய். அதற்குப் பிறகு மாடியில் நாங்கள் குடியிருக்கவும், நீ கேட்ட சோலார் தகடுகளைத் தெருவுக்குத் தெரியாத பின் சரிவில் ஓட்டோடு படிந்தாற்போல வைக்கவும் அவர் சம்மதித்தார். வெளியே வந்ததும், "அவரு சொன்னது எனக்குத் தோணியிருக்கணும்டி" என்றாய். தோற்றவள் முகமாகவே அது இல்லை. புதிதாக ஒன்று கிடைத்தவள் மாதிரி இருந்தாய்.

வெயில் காலத்தில் கொங்கிரீட் தட்டை உடைத்தோம். கடைசித் துண்டு போனதும் வெயில் நேரே இறங்கிக் கடையின் நடுவில் விழுந்தது. கணக்கு மேசையில் இருந்த அண்ணன் தலைக்கு மேல் எரிந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார். எழுந்து போய் அதை அணைத்தார்.

பிறகு மழை வந்தது. பின்னேரத்தில் இடியோடு கொட்டும் நம் ஊர் மழை. திறந்த முற்றத்தில் விழுந்த தண்ணீர் எங்கும் போகாமல் ஏறிக்கொண்டே வந்து கடைக்குள் பாய்ந்தது. துணிக்கட்டுகளை நாங்கள் மேசை மேலும் கதிரை மேலும் தூக்கிப் போட்டோம். தீபாவளிச் சரக்கு, கொஞ்சம் நனைந்தே போனது. நீ கலகெதர ஊரில் ஒரு கட்டட வேலையில் இருந்தாய். செய்தி கேட்டுச் சொட்டச் சொட்ட வந்து நின்றாய்.

"பாத்தியாம்மா?" என்று அண்ணன் கத்தினார். "அப்பா சும்மாவா மூடினாரு?"

"பெழ என்னோடதுதான் அண்ணே" என்றாய். "பழைய வடிகால் வேல செய்யும்னு நம்பிட்டேன். தோண்டிப் பாத்துட்டுத்தான் மேல கை வச்சிருக்கணும்."

வேறு ஒரு வார்த்தை இல்லை. மழை மேல் போடவில்லை, வேலையாள் மேல் போடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாய். அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தார், நீ தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாய். எனக்கு உன்மேல் ஆயுள் முழுக்கப் போதுமான மதிப்பு வந்தது அந்த ஒரு மணிநேரத்தில்தான்.

மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு பக்கத்துப் பாத்திரக்கடை ஹாஜியாரிடம் போனாய். பழைய வடிகால் எங்கள் முற்றத்திலிருந்து அவர் கடைக்கு அடியால் போய், ஊருக்கு நடுவே ஓடும் ஓடையில் சேரவேண்டும் என்று நீ கணித்திருந்தாய். அவர் கடைத் தரையை உடைக்காமல் அதைப் பார்க்க முடியாது.

"எங்கட வாப்பா போட்ட தரை மகள் இது" என்றார் ஹாஜியார்.

"தெரியும் ஹாஜியார். எங்க கடைத் தண்ணிக்காக உங்க கடைய ஒடைக்கக் கேக்குறது நியாயமில்ல. ஆனா இந்தத் தண்ணி போக வழி இல்லன்னா ரெண்டு கடைக்கும் நடுவுல இருக்கிற சுவருக்குள்ள ஏறும். நாங்க இடிச்சிட்டுப் புதுசா சிமெந்து கொட்டி எழுப்பினாலும் அதுதான் கதி. அது உங்க சுவரும்தானே?"

அவர் எழுந்து அந்தப் பொதுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் கையில் ஒட்டியது. நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வாப்பா இருந்தா உங்களுக்கு நல்லா ஏசிப் போட்டு, பொறகு அவரே அலவாங்கத் தூக்கித் தரைய ஒடைச்சிருப்பார். சரி, தோண்டுங்க."

தரைக்கு அடியில் அது இருந்தது. செங்கல்லை வளைத்துக் கட்டிய அழகான வடிகால். நீ வயிற்றை நிலத்தில் வைத்துப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தாய். எங்கள் அப்பா காலத்தில் வழிந்து போன சிமெந்தே பாதிக் குழாயை அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க வைத்தாய். அந்த வடிகாலால் மட்டும் இன்றைய மழையைத் தாங்க முடியாது என்று கணக்குப் போட்டு, முற்றத்துக்கு அடியில் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்றைப் புதைத்தாய். கூரைத் தண்ணீர் முதலில் அதில் நிறையும், மிஞ்சுவது மெதுவாக வடிகாலுக்குப் போகும். அடுத்த பெருமழை வந்தபோது அண்ணன், ஹாஜியார், நீ, நான் நான்கு பேரும் முற்றத்தைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் சுழித்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு களக்கென்று இறங்கிப் போனது. ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அண்ணன் உன் பக்கம் திரும்பாமலே, "டீ ஒன்னு குடிச்சிட்டுப் போம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று உனக்கும் தெரியும். இரண்டு கோப்பை குடித்தாய்.

உன்னைப் பழமைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குக் கலகெதரக் கதை தெரியாது. அங்கே ஒரு பழைய கடைக்காரர் தன் கட்டடத்தைக் காப்பாற்றித் தரும்படி உன்னைக் கெஞ்சினார். நீ அத்திவாரத்தைப் பார்த்தாய், பின்னால் மண்சரிவு நகர்ந்த தடத்தைப் பார்த்தாய். "இறக்கிருங்க, இது ஆளக் கொல்லும்" என்றாய். நான் அதிர்ந்துபோனேன். "பழசுன்னா எல்லாம் சாமி ஆயிருமாடி?" என்று கேட்டாய். ஆனால் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்க வைத்தாய். இன்று என் பின்கூரையில் கிடப்பவை அந்த ஓடுகள்தான்.

சுவர்களிலிருந்து சிமெந்தை உரித்துச் சுண்ணாம்பு பூசினாய். செங்குத்தான பழைய படியை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் அண்ணிக்காகவே சாய்வான புதுப்படி ஒன்று வைத்தாய். எனக்கு லிஃப்ட் வாங்கித் தரவில்லை, கைப்பிடி வாங்கித் தந்தாய். அண்ணி வந்து தங்கினார். முதல் வாரம் முழுக்க எல்லாரும் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம். இழுப்பு வரவில்லை. அடுத்த மாதம் அம்பிட்டிய வீட்டிலிருந்து அலுமாரியும் கட்டிலும் வந்து சேர்ந்தன. அண்ணன் இப்போது வேலைக்கு இறங்கி வருவது படியால்தான், வேனை விற்றுவிட்டார்.

மாடியில் முதன்முதலாகச் சமைத்த நாளில் உன்னை அழைத்தோம். அப்போது உனக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியிருந்தது. தலையில் துணி சுற்றியிருந்தாய், படிக்குப் படி நின்று நின்று ஏறினாய். அண்ணி கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் வைத்திருந்தார். நீ கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாய். எல்லாரும் உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். நீ எதையும் காதில் வாங்காமல், "அந்தக் கைப்பிடி திரும்புற எடத்துல வழுக்குதுடி, ஆள அனுப்புறேன்" என்றாய். அனுப்பினாய். அடுத்த முறை அனுப்ப நீ இருக்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் விடாத மழையில் மலை சரிந்து, ஊருக்குத் தண்ணீர்க் குழாயும் கரண்டும் நின்றுபோயின. எங்கள் முற்றத்துத் தாங்கி நிறைந்திருந்தது. தெருக்காரர்கள் குடத்தோடும் வாளியோடும் கடைக்குள்ளால் வரிசையாக வந்தார்கள். நான் தொலைபேசியில் உனக்குச் சொன்னேன். உன் குரல் மிக மெல்லியதாக இருந்தது.

"குடிக்கிற தண்ணிய கொதிக்க வைக்கச் சொல்லு" என்றாய் முதலில். பிறகு, "அண்ணன் என்ன செய்றாரு?"

"வாளி வாளியா மொண்டு குடுத்துக்கிட்டு நிக்கிறாரு. கூடவே எல்லாருக்கும் தாங்கிப் பிளான விளக்கிக்கிட்டு இருக்காரு, அவரே கட்டின மாதிரி."

நீ சிரித்தது கேட்டது. இருமல் வந்து அந்தச் சிரிப்பை நிறுத்தும்வரை நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தெருமுனையில் ஒரு கட்டடம் போய்விட்டது, முகப்பு மட்டும் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஹாஜியாரின் மகன் அவர்கள் முற்றத்தைத் திறந்து, மாடிக்குக் குடியும் வந்துவிட்டான். மாலையில் எங்கள் தெருவில் இப்போது இரண்டு மாடிகளில் வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது.

உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியது வேறொன்று. தெருவில் நேராகப் பார்த்து நடக்க முடியவில்லை. கடைப்பலகைகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறேன். போன வாரம் சந்தைக்குப் போகும் வழியில் அப்படி நடந்து லொத்தர்ச் சீட்டு விற்பவர் ஒருவர் மேல் மோதிவிட்டேன். "அக்கா, ரோட்டப் பாத்து நடங்க!" என்று சத்தம் போட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அண்ணாந்தேன். ஒரு போன் கடையின் மினுக்கும் பலகைக்குப் பின்னால் மரத்தில் பூவேலை செய்த இறவாரமும், நீலம் மங்கிய யன்னல்களும். ஒரு யன்னல் கதவு ஒற்றைப் பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்குள் போனேன். இளவயதுக் கடைக்காரர், போனுக்கு உறை வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தார்.

"மேல யாரு தம்பி இருக்கா?"

"மேலயா? யாரும் இல்லக்கா. குப்பதான் கெடக்கு."

"சாவி இருக்கா?" என்று கேட்டேன்.